டெஸ், ஜேன் ஐயர், எஸ்தர் வாட்டர்ஸ்: கூலிக் கணக்கை விடாமல் எடுத்த படம் எது?

பேரேடு எழுதியது:

நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அந்தப் புத்தி போகாமல், எந்த நாவலைப் படித்தாலும் பணத்தொகை வரும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போவேன். தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' (1891) நாவலைச் சமீபத்தில் முடித்தேன். புத்தகம் முழுக்கக் கோடு.

இந்தக் கதையைப் பற்றி எங்கே பார்த்தாலும் விதி, விதி என்றே எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ விதியைவிடக் கையில் காசில்லாததுதான் அதிகம் தெரிந்தது. அப்பா ஜான் டர்பிஃபீல்ட் வண்டியில் சாமான் ஏற்றி ஊர் ஊராக விற்கிறவர். வீட்டின் ஒரே முதல் ஒரு கிழட்டுக் குதிரை. அவர் குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடக்க, தேன்கூடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக டெஸ் சின்னத் தம்பியை ஏற்றிக்கொண்டு இருட்டோடு கிளம்புகிறாள். வழியில் கண்ணயர்கிறாள். எதிரே வந்த தபால் வண்டியின் ஏர்க்கால் குதிரையின் மார்பில் பாய்ந்துவிடுகிறது. செத்த குதிரைக்குச் சில ஷில்லிங்தான் கிடைக்கும் என்று தெரிந்ததும் அப்பா வீராப்பாக விற்க மறுத்துப் புதைத்துவிடுகிறார். முதலும் போச்சு, வரவேண்டிய சில்லறையும் போச்சு. அதற்கு அப்புறம்தான் பணக்காரச் சொந்தம் என்று நம்பி டெஸ்ஸை டர்பர்வில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கோழி பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்கிறது.

காட்டில் அந்த இரவு, நடக்கக்கூடாதது நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த டர்பர்வில் வீட்டு மகன் அலெக் அவளிடம் சொல்வது என்ன தெரியுமா? உன் அப்பாவுக்கு இன்றைக்கு ஒரு புதுக் குதிரை வந்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொம்மை வந்திருக்கிறது என்பதுதான். அந்த இடத்தில் இரண்டு கோடு போட்டேன். கடன் எந்தப் பக்கத்தில் ஏறுகிறது என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிகிறது. நன்றி சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு ஏஞ்சல் என்பவனோடு கல்யாணம், முதலிரவில் அவள் உண்மையைச் சொல்வது, அவன் விட்டுப்போவது. போகும்போது 50 பவுண்டு தருகிறான். அதில் 25-ஐ அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். அப்புறம் வங்கி வழியாக 30 வருகிறது. உடனே வீட்டிலிருந்து கடிதம்: கூரை ஒழுகுகிறது, 20 வேண்டும். இப்படித் தேய்ந்து தேய்ந்துதான் ஃபிளின்ட்கோம்ப்-ஆஷ் என்கிற அந்தக் கல்லாங்காட்டுக்குக் கூலியாக வந்து சேர்கிறாள். மாடுகள் மேலே தின்றுவிட்டு மிச்சம் வைத்த கிழங்கை மண்ணிலிருந்து கொத்தி எடுக்கிற வேலை, மழையிலும் பனியிலும். பெண்ணாள் மலிவு என்பதால்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஹார்டி மழுப்பாமல் எழுதுகிறார்.

கடைசி அடி வீடு. மூன்று தலைமுறை ஆயுளுக்கு என்று எழுதப்பட்ட குடியிருப்புக் குத்தகை. அப்பாதான் மூன்றாவது ஆயுள். அவர் மூச்சு நின்ற அன்று குத்தகையும் நின்றது. அம்மாவும் பிள்ளைகளும் சாமான்களோடு தெருவில் நிற்கும்போது வீடு தருகிறேன் என்று வருகிறவன் அலெக். அவனிடம் அவள் திரும்பிப் போனதை மன பலவீனம் என்று எழுதுகிற விமர்சகர்கள் வீட்டு வாடகையே கட்டியதில்லை போலிருக்கிறது.

சரி, என் கேள்வி. இந்த மாதிரி, பிழைப்புக்குப் போராடுகிற பெண்களைப் பற்றிய பழைய ஆங்கில நாவல்களைப் படமாகவோ தொடராகவோ எடுத்ததில், இந்தக் காசு விஷயத்தை விடாமல் எடுத்தது எது? சுவரொட்டியைப் பார்த்தால் எல்லாமே தொப்பி, மூடுபனி, முத்தம். எனக்கு வேலையும் கூலியும் கண்ணில் படவேண்டும். 'டெஸ்' மட்டும்தான் என்றில்லை, மற்றதும் சொல்லுங்கள். முடிவு தெரிந்துவிடுமே என்று யாரும் தயங்க வேண்டாம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதைகள்.

---

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

அக்கா, யோசிக்கவே வேண்டாம், 1979-இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த 'டெஸ்'. நஸ்டாசியா கின்ஸ்கி டெஸ், லீ லாசன் அலெக், பீட்டர் ஃபர்த் ஏஞ்சல். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுவரொட்டியில் ஸ்ட்ராபெரியை ஊட்டிவிடுகிற காட்சியைப் போட்டு எல்லோரையும் ஏமாற்றிவிட்டார்கள். உள்ளே போனால் பாதிப் படம் வேலைதான்.

டெஸ் நடுவில் வேலை பார்க்கிற பால் பண்ணையில் அந்தக் காலத்து முறையில் பால் கறப்பது, தயிர் உடைத்துப் பாலாடைக்கட்டி செய்வது, இதையெல்லாம் அவசரமில்லாமல் காட்டுவார். அங்கே டெஸ் சந்தோஷமாக இருக்கிறாள் என்று வசனம் வைக்கவில்லை, கை ஓடுகிற வேகத்திலேயே தெரியும். அப்புறம் நீங்கள் சொன்ன அந்தக் கிழங்குக் காடு. சேறு, சாம்பல் நிற வானம், குனிந்த முதுகுகள். ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் படப்பிடிப்பின் நடுவிலேயே 1978-இல் இறந்துபோனார். மிச்சத்தை கிஸ்லான் க்ளோகே எடுத்து முடித்தார். ஆஸ்கர் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. யார் எடுத்த காட்சி எது என்று கண்டுபிடிக்க முயன்று நான் தோற்றவன், அவ்வளவு ஒட்டாக இருக்கும். கலை இயக்கம், உடை இரண்டுக்கும் ஆஸ்கர் உண்டு.

முக்கியமாக நீராவிக் கதிரடி இயந்திரம் வருகிற காட்சியைப் பாருங்கள். நாவலில் அந்த இயந்திரத்தின் மேல்தட்டில் நின்று கட்டுப் பிரித்துக் கொடுக்கிற வேலைக்கு வழக்கமாகப் பெண்ணைத்தான் நிறுத்துவார்கள், அதற்குச் சிக்கனம்தான் காரணமாக இருக்கும் என்று ஹார்டி போகிறபோக்கில் குத்துவாரே, ஞாபகம் இருக்கிறதா? இயந்திரம் நிற்காது, அதனால் அவளும் நிற்க முடியாது. படத்தில் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அலெக் பேச வருகிறான். அவன் பேச்சுக்குத் தனி இசை தேவைப்படவில்லை.

எல்லா வெளிப்புறமும் பிரான்ஸில், பெரும்பாலும் நார்மண்டி, பிரிட்டனி பக்கம் எடுத்தது. கடைசியில் வருகிற ஸ்டோன்ஹெஞ்ச் கூட செட். ஆனால் ஹார்டியின் டோர்செட் இதில் இருக்கிற அளவுக்கு டோர்செட்டிலேயே எடுத்த படங்களில் இல்லை என்பது என் கட்சி.

---

நேர்வகிடு எழுதியது:

ஏன் பிரான்ஸில் எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் இரண்டாம் ஆட்டம். இங்கிலாந்தில் கால் வைத்தால் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்பதால். 13 வயதுப் பெண் சம்பந்தப்பட்ட வழக்கில் 1977-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை சொல்வதற்கு முன் 1978-இல் ஓடிவந்தவர். ஓடிவந்த கையோடு எடுத்த படம் இது. வசதியுள்ள ஒருவன் ஏழைப் பெண் ஒருத்தியை நாசமாக்குகிற கதை. படத்தின் தொடக்கத்தில் 'ஷரனுக்கு' என்று கொலையுண்ட மனைவிக்குச் சமர்ப்பணம் வேறு. இந்த நாவலைப் படிக்கச் சொன்னதே அவர்தான் என்பார்கள். அந்தத் துக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காட்டுக் காட்சியில் மூடுபனியை இறக்கி அழகாக மூடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் புரட்டியது. 'ஒளிப்பதிவு அபாரம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை.

பேரேடு அக்கா, உங்களுக்கு என் பரிந்துரை 2008-இல் பிபிசி எடுத்த நான்கு பகுதித் தொடர். ஜெம்மா ஆர்டர்டன் டெஸ், எடி ரெட்மேன் ஏஞ்சல், ஹான்ஸ் மேத்தசன் அலெக். திரைக்கதை டேவிட் நிக்கோல்ஸ். நான்கு மணி நேரம் இருப்பதால் வீட்டுக் கஷ்டம் கதையில் நிற்கிறது, குதிரை சாவதும் இருக்கிறது. பால் பண்ணைத் தோழிகள் மேரியன், இஸ், ரெட்டி மூன்று பேரும் ஆளாளுக்கு முகத்தோடு வருகிறார்கள். இஸ்ஸாக வருவது ஜோடி விட்டேக்கர், பிற்பாடு 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகி ஆனவர். இந்தத் தோழிகள் முக்கியம். படத்தில் அவர்களைச் சுருக்கினால் டெஸ் ஒருத்திக்கு மட்டும் நேர்ந்த தனிச் சோகம் மாதிரி ஆகிவிடுகிறது. கிழங்குக் காட்டில் மேரியனும்தானே நிற்கிறாள்? அவளை எந்த அலெக்கும் கெடுக்கவில்லை. ஆனாலும் அதே மண்வெட்டி, அதே கூலி.

'த்ரிஷ்ணா' (2011) பார்த்திருக்கிறீர்களா? மைக்கேல் விண்டர்பாட்டம், இதே கதையை இன்றைய ராஜஸ்தானுக்கும் மும்பைக்கும் கொண்டுவந்து எடுத்தது. ஃப்ரீடா பின்டோ. குதிரைக்குப் பதில் அப்பாவின் ஜீப் விபத்தில் நொறுங்குகிறது. அதனால்தான் அவள் ஜெய்ப்பூர் ஹோட்டல் வேலைக்குப் போகிறாள். உங்கள் பேரேட்டுக்கு நேராகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

நல்ல விவாதம். நேர்வகிடு மூடுபனியைப் பற்றிச் சொன்னதை ஒட்டி ஒன்று. அந்த மூடுபனி நாவலிலேயே இருக்கிறது. ஹார்டியும் அந்த இரவை இருட்டில்தான் விட்டார். அவருக்கு வேறு வழி இருந்ததா என்பது இன்னொரு கதை. 'தி கிராஃபிக்' வார இதழில் 1891-இல் தொடராக வந்தபோது அந்தக் காட்சியையே எடுத்துவிட்டு, டெஸ்ஸைப் போலித் திருமணம் செய்து ஏமாற்றியதாக மாற்றவேண்டியிருந்தது. சாகிற தன் குழந்தைக்கு டெஸ்ஸே ஞானஸ்நானம் கொடுக்கும் அத்தியாயம் நீக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் நான்கு பெண்களையும் ஒவ்வொருவராகத் தூக்கிக் கடத்துகிறானே, அதுகூட ஆகாது என்று ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்படி எழுதச் சொன்னார்கள். புத்தகமாக வந்தபோதுதான் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார்.

பேரேடு கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூலிக் கணக்கு வேண்டுமென்றால் ஹார்டியைவிட ஜார்ஜ் மூர் உங்களுக்குப் பிடிப்பார். 'எஸ்தர் வாட்டர்ஸ்', 1894. எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரப் பெண். பந்தயக் குதிரை வளர்க்கும் ஒரு பெரிய வீட்டில் சமையலறை வேலை. அங்கேயே வேலை பார்க்கும் வில்லியமால் கர்ப்பம். வேலை போகிறது. லண்டன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறாள். பிழைப்புக்கு ஒரே வழி, பணக்கார வீட்டுக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் வேலை. அதற்குத் தன் குழந்தையை வாரக் கூலிக்கு வளர்க்கும் ஒருத்தியிடம் விடவேண்டும். அந்தப் பெண் ஒருநாள் நைச்சியமாகச் சொல்கிறாள்: 5 பவுண்டு கொடுத்தால் பிள்ளை விஷயத்தில் உனக்கு இனிமேல் எந்தக் கவலையும் இருக்காது. என்ன பொருள் என்பது எஸ்தருக்குப் புரிய ஒரு கணம் ஆகிறது. முன்பு அந்த வீட்டுக்குப் பால் கொடுக்க வந்த இரண்டு பெண்களின் குழந்தைகளும் செத்துப்போயிருக்கின்றன. எஜமானியின் குழந்தை கொழுக்க, வந்தவளின் குழந்தை சாகிறது. இதை எஜமானியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எஸ்தர் வெளியே வருகிறாள். முப்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்கு, விக்டோரிய நாவலில் இதற்கு இணையான இடம் அதிகம் தோன்றவில்லை. டபிள்யூ. எச். ஸ்மித் நூலக நிறுவனம் இந்த நாவலை வாங்கிவைக்க மறுத்தது.

இதை 1948-இல் படமாக எடுத்தார்கள். கேத்லீன் ரையன் எஸ்தர், டர்க் போகார்டு வில்லியம். அவருக்கு முதல் பெரிய வேடம். அதனாலேயே படம் இன்றைக்கு அவர் பேரால் பேசப்படுகிறது, எஸ்தர் பேரால் இல்லை. குதிரைப் பந்தயத்துக்குக் கிடைக்கும் ஆரவாரம் தாய்ப்பால் விஷயத்துக்குக் கிடைக்கவில்லை. என் கருத்தில் படத்தைவிட நாவலே போதும்.

அடுத்தது டீஃபோவின் 'மால் ஃபிளாண்டர்ஸ்' (1722). நியூகேட் சிறையில் பிறந்தவள். கல்யாணங்கள், ஏமாற்றங்கள் எல்லாம் முடிந்து வயதான பின், கையில் ஒன்றுமில்லாதபோதுதான் திருட ஆரம்பிக்கிறாள். முதல் திருட்டு லெடன்ஹால் தெருவில், ஒரு மருந்துக் கடையில் கவனிப்பாரில்லாமல் இருந்த துணி மூட்டை. அடுத்தது, நடனப் பள்ளியிலிருந்து தனியே வந்த சிறுமியின் தங்கமணி மாலை. சந்துக்குள் கூட்டிப்போய்க் கழற்றும்போது அந்தக் குழந்தையைக் கொன்றுவிடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் வந்து அவளையே நடுங்கவைக்கிறது. பிறகு, இவ்வளவு நகையைப் போட்டுத் தனியே அனுப்பிய பெற்றோர்தான் குற்றவாளி, நான் பாடம் கற்பித்தேன் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள்! மனுஷ மனசு அப்படித்தான் கணக்கு எழுதும். 1996-இல் ஐடிவி தொலைக்காட்சிக்கு ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய நான்கு பகுதித் தொடர் இருக்கிறது. அலெக்ஸ் கிங்ஸ்டன் மாலாக வந்து, நடுநடுவே கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுகிறார். நாவலின் 'நான்' என்ற குரலைக் கொண்டுவர அதைவிட நல்ல வழி இல்லை. டேனியல் கிரேக் பிற்பாதியில் கணவனாக வருகிறார், பாண்ட் ஆவதற்குப் பத்து வருஷம் முன்பு. படுக்கையறைக் காட்சிகள் தேவைக்கு அதிகம்தான், குடும்பத்தோடு பார்க்க முடியாது. அதே 1996-இல் ராபின் ரைட் நடித்த ஹாலிவுட் படமும் உண்டு. அதில் நாவலின் பெயர் இருக்கிறது, கதை வேறு.

மூன்றாவது, ஆன் பிராண்டியின் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' (1848). இதில் ஏழ்மை வேறு தினுசு. ஹெலன் வசதியான வீட்டு மனைவி. குடிகாரக் கணவன் சின்னப் பையனுக்கும் மது ஊற்றிக் கொடுத்துப் பழக்குகிறான். பையனைக் காப்பாற்ற ஓவியம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று ரகசியமாகத் திட்டமிடுகிறாள். அவன் நாட்குறிப்பைப் படித்துக் கண்டுபிடித்து, அவளுடைய வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போட்டு எரிக்கிறான். உயிரை எடுக்கத் தேவையில்லை, சம்பாதிக்கும் கருவியை எரித்தால் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு முறை முயன்று தப்பிய பிறகும், ஓவியத்தில் இருக்கிற ஊருக்குப் பொய்ப்பெயர் போட்டுத்தான் விற்கிறாள். சட்டப்படி அவள் வரைந்து சம்பாதிக்கும் பணமும் கணவனுடையதே. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்குச் சொந்தம் என்ற சட்டம் 1870-இல்தான் வந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன்னிடம் விடக் கோரித் தாய் மனுப்போடலாம் என்பதே 1839-இல் வந்தது. கதை நடப்பதோ 1820களில். ஆகவே அவள் செய்தது சட்டத்தின் கண்ணில் பிள்ளை கடத்தல். பிபிசி 1996-இல் மூன்று பகுதிகளாக எடுத்தது. டாரா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஹெலன். ரூபர்ட் கிரேவ்ஸ் கணவன். சிரித்துக்கொண்டே பயமுறுத்துவார்.

---

ஒலிநாடா எழுதியது:

நம் ஊர்ப் பக்கமும் ஒரு பார்வை. 'ஜேன் ஐயர்' நாவலின் சாயலில் வந்ததுதான் 'சாந்தி நிலையம்' (1969), ஜெமினி கணேசன், காஞ்சனா. 'இயற்கை என்னும் இளைய கன்னி' பாட்டுக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். இந்தியில் அதே நாவலைத் தழுவி திலீப் குமார், மதுபாலா நடித்த 'சங்தில்' (1952). 'டெஸ்' கதையில் நூதனும் தர்மேந்திராவும் நடித்த 'துல்ஹன் ஏக் ராத் கீ' (1967) உண்டு, மதன் மோகன் இசை. கூலிக் கணக்கெல்லாம் கேட்காதீர்கள், பாட்டு இருக்கிறது.

ஆனால் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) பற்றி ஏன் யாரும் பேசவில்லை? ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தானே. வீட்டை இழந்து சென்னைக்கு வந்து வேலை தேடுகிற இடம் எனக்கு ஐஸ்வர்யா ராய் காதலைவிடப் பிடித்தது.

---

பேரேடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார், எஸ்தர் வாட்டர்ஸைத் தேடிப் பிடித்துப் படித்துவிட்டேன். அந்த 5 பவுண்டு வரியைக் கோடு போடக்கூட மனசு வரவில்லை.

'டெஸ்' இரண்டையும் பார்த்தேன். இரண்டாம் ஆட்டம் சொன்ன கதிரடி இயந்திரக் காட்சி உண்மையிலேயே நான் கேட்ட காட்சி. ஆலைக்குள் ஷிஃப்ட் ஓடும்போது பேச்சு எப்படி உதட்டிலேயே நின்றுவிடும் என்று தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். பால் பண்ணையும் அப்படித்தான். ஆனால் கின்ஸ்கியை எந்தச் சேற்றில் நிறுத்தினாலும் ஓவியத்துக்கு நிற்கிற மாதிரியே எடுத்திருக்கிறார். களைப்பு உடம்பில் தெரிகிறது, முகத்தில் அழகு மட்டும்தான் தெரிகிறது. நேர்வகிடு எழுதியதைப் படித்துவிட்டுப் பார்த்ததால் காட்டுக் காட்சியில் எனக்கும் மனசு ஒட்டவில்லை. 2008 தொடரில் ஒளிப்பதிவு அவ்வளவு பிரமாதமில்லை, இசையும் கொஞ்சம் அழவைக்கப் பார்க்கிறது. இருந்தாலும் அம்மா பாத்திரத்தை அதில்தான் சரியாக எழுதியிருக்கிறார்கள். பெண்ணை விற்கிற ராட்சசியாக அவளைக் காட்டவில்லை. பொரி அடுப்பில் தீயும்போது இன்னொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மாக்கள் எல்லா ஊரிலும் உண்டு.

'த்ரிஷ்ணா' பற்றித்தான் அதிகம் யோசித்தேன். விண்டர்பாட்டம் செய்த பெரிய மாற்றம், அலெக்கையும் ஏஞ்சலையும் ஒரே ஆளாக்கியது. ரிஸ் அகமது நடித்த ஜெய். ஹார்டியின் வாசகர்கள் இதற்காக அவரைத் திட்டுவதை இணையத்தில் பார்த்தேன். கணக்குப்படி பார்த்தால் அது புத்திசாலித்தனம். சம்பளம் கொடுக்கிற கையும் ஆசையாகத் தொடுகிற கையும் ஒன்றாகிவிட்டால், எது கூலி எது அன்பளிப்பு என்று அவளால் பிரிக்கவே முடியாது. மும்பையில் சமமாக இருப்பதுபோல் ஒரு காலம், பிறகு மறுபடி ஹோட்டலில் அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு தூக்கிவருகிற வேலைக்காரி. அந்தத் தட்டு என்னை மிகவும் தொந்தரவு செய்தது. ஆனால் இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. நாவலில் ஏஞ்சல் நல்லவன், படித்தவன், முற்போக்கு பேசுகிறவன். அந்த நல்லவன் விட்டுவிட்டுப் போனதால்தான் அவள் கிழங்குக் காட்டுக்கு வந்தாள். கெட்டவனை எல்லோரும் திட்டலாம், அந்த நல்லவனைத்தான் ஹார்டி கூண்டில் ஏற்றினார். த்ரிஷ்ணாவில் அந்தக் கூண்டு காலி.

ஒலிநாடா, நீங்கள் ஆஸ்டினை இழுத்தது நல்லதாகப் போயிற்று. அதே நாவலை ஆங் லீ எடுத்த 1995 படத்தையும் பார்த்தேன், எம்மா தாம்சன் எழுதியது, அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். தொடக்கத்திலேயே என் மாதிரி ஆட்களுக்கு விருந்து. சாகும் அப்பாவிடம் தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்த மகன், 3000 பவுண்டு தரலாம் என்று ஆரம்பிக்கிறான். மனைவி ஒவ்வொரு பேச்சிலும் கொஞ்சம் குறைத்து, கடைசியில் ஒன்றுமே தராமல் முடித்துவிடுகிறாள். நாவலில் ஒரே அத்தியாயப் பேச்சு. படத்தில் பயணம் போகப்போக, இடம் மாற மாறத் தொகை இறங்குகிறது. அப்புறம் மூத்த தங்கை எலினார், தான் விரும்புகிற எட்வர்டிடம் சொல்வாளே, உங்களுக்காவது சொத்து வந்து சேரும், எங்களுக்குச் சம்பாதிக்கவும் வழியில்லை என்று. அந்த வசனம் ஆஸ்டின் எழுதியதில்லை, தாம்சன் சேர்த்தது. நாவலின் பேச்சில் இல்லாததைச் சேர்த்து நாவலுக்கு இன்னும் விசுவாசமாக இருக்கமுடியும் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம்.

'ஜேன் ஐயர்' விஷயத்தில்தான் எனக்கு ஏமாற்றம். நாவலில் பள்ளிக்கூடத்தில் வருஷம் 15 பவுண்டு, தோர்ன்ஃபீல்ட் மாளிகையில் 30. அங்கே எஜமானரான ராச்செஸ்டரை விட்டு ஓடும்போது கையில் 20 ஷில்லிங். வண்டிக்காரன் 30 கேட்கிறான், இருப்பதைக் கொடுத்து ஏறிக்கொள்கிறாள். இறங்கும்போது மூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். அதன்பின் ஊருக்குள் போய் வேலை கேட்கிறாள், ஒரு ரொட்டிக்குக் கழுத்துத் துணியையோ கையுறையையோ எடுத்துக்கொள்வீர்களா என்று கூச்சத்தோடு கேட்கிறாள். பன்றிக்குக் கொட்ட இருந்த ஆறிய கஞ்சியை வாங்கித் தின்கிறாள். ஆர்சன் வெல்ஸ், ஜோன் ஃபான்டெய்ன் நடித்த 1943 படத்தில் இந்த அலைச்சலே கிடையாது, கடைசியில் அவளுக்கு அடைக்கலம் தரும் ரிவர்ஸ் வீடும் கிடையாது. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் மாளிகையும் மர்மச் சிரிப்பும்தான். கேரி ஃபுகுனாகா 2011-இல் எடுத்த படம் இந்த ஓட்டத்திலேயே தொடங்குகிறது என்பதால் மிகுந்த ஆசையோடு உட்கார்ந்தேன். மியா வாசிகோவ்ஸ்கா நன்றாகவே செய்திருக்கிறார். என்ன, நாவலின் பசி படத்தில் மழையாக மாறிவிட்டது. மழையில் நனைந்தவள் மேல் எல்லோருக்கும் இரக்கம் வரும். பன்றிக் கஞ்சி கேட்பவளைப் பார்க்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

---

நேர்வகிடு எழுதியது:

கூண்டு காலி என்பதை ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் இன்றைய ஜெய்க்குள் அந்த முற்போக்கும் இருக்கிறதே? லண்டனில் வளர்ந்தவன், அவளை நடனம் கற்கச் சொல்லி ஊக்கப்படுத்துகிறவன். அவளுடைய பழைய விஷயம் ஒன்று தெரிந்ததும் முகம் மாறுவதும் அவனுக்குத்தான். ஏஞ்சலும் அந்த ஆளுக்குள்ளேயே இருந்து கெட்டுப்போகிறான் என்றுதான் நான் பார்த்தேன்.

மீரா நாயர் 2004-இல் எடுத்த 'வேனிட்டி ஃபேர்' பார்த்துவிட்டீர்களா? பெக்கி ஷார்ப்பாக ரீஸ் விதர்ஸ்பூன். வருஷம் 5000 பவுண்டு இருந்தால் நானும் நல்லவளாக இருந்திருப்பேன் என்று பெக்கி நினைக்கிற இடம் நாவலில் வரும், அது உங்களுக்காகவே எழுதியது. ஆனால் மீரா நாயர் அவள்மேல் ரொம்பப் பிரியம் வைத்துவிட்டார். கடைசியில் யானைமேல் ஏற்றி இந்தியாவில் ஊர்வலம் விட்டிருக்கிறார். நாவலை எழுதிய தாக்கரே கல்கத்தாவில் பிறந்தவர்தான், அதற்காக இப்படியா! நாவலில் பெக்கியின் தோழியுடைய அண்ணன் ஜோஸ் செத்தபோது காப்பீட்டுப் பணத்தில் பெக்கிக்குப் பங்கு இருந்தது, அந்தச் சாவிலும் ஒரு சந்தேகம் இருந்தது. அதை எடுத்துவிட்டு யானையை வைத்தால் எப்படி? 2018-இல் ஒலிவியா குக் நடித்த தொடரில் பெக்கி இன்னும் கூர்மையாக இருக்கிறாள்.

---

பழைய வாத்தியார் எழுதியது:

யானைக்கு என் ஓட்டும் எதிர்தான்.

பேரேடு, 'வைல்ட்ஃபெல் ஹால்' பார்ப்பதாக இருந்தால் ஒரு சின்ன யோசனை. நாவலில் ஹெலனின் நாட்குறிப்பு நடுவில் மொத்தமாக வரும், தொடரில் அதை முன்னும் பின்னுமாக வெட்டிச் சேர்த்திருப்பார்கள். அதனால் நாவலில் அந்த நாட்குறிப்புப் பகுதியை மட்டுமாவது முதலில் படித்துவிட்டு உட்காருங்கள். தூரிகையை எரிக்கும் இடத்தில் பென்சில் கையில் இருக்கட்டும்.